சுமை தூக்கும் தொழிலும் பயிற்றுநர் பயிற்சியும்

(சித்தூரில் தொழிலகப் பயிற்றுநர்களுக்கென நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுமை தூக்குவதற்கு வேண்டியது அறிவா, பழக்கமா, உடல் வலிமையா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வலிமை என்றே விடை கூறுவோம். வலிமையுள்ளவர் தூக்குகிறார், அதற்குப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் முதலாளிகளிடம் மட்டுமன்று, அரசு அலுவலகங்களிலும் வேரூன்றியிருக்கிறது. மின்பணியாளருக்குச் சான்றிதழ் உண்டு. தச்சருக்கும் கடைசல்காரருக்கும் பயிற்சி நிலையங்கள் உண்டு. நாள் முழுவதும் 50 கிலோ மூட்டையை ஏற்றி இறக்குபவர் மட்டும் எவரிடமும் பயிலாமல் வேலைக்கு வந்து, எவரும் கவனிக்காமல் வேலையை விட்டுப் போகிறார். பயிற்சி தேவையில்லை என்ற எண்ணத்தைச் சட்டம் எப்போதோ கைவிட்டுவிட்டது. நடைமுறைதான் இன்னும் கைவிடவில்லை.

இப்பொருளைப் பேசுவதற்குச் சித்தூர் மிகவும் ஏற்ற இடம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை ஆகிய ஊர்களிலிருந்து நெல்லும் தேங்காயும் மாம்பழமும் பாலும் வெளியே செல்கின்றன. பொள்ளாச்சி, கோவைச் சந்தைகளிலிருந்து காய்கறியும் மளிகையும் எல்லையைக் கடந்து உள்ளே வருகின்றன. 1984 முதல் சிமெண்டு உற்பத்தி செய்யும் வாளையாறு ஆலை இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்பொருள்களில் ஒரு மூட்டை, களத்திலிருந்து கடை வரை செல்வதற்குள் நான்கைந்து முறையாவது மனிதனின் தோள்மீதோ தலைமீதோ ஏறி இறங்குகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்துக் கேன் 40 லிட்டர் கொள்வது. கேனின் எடையையும் சேர்த்தால் அது 50 கிலோவை நெருங்கும். திட்டக் கணக்குகளில் 'ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி' என்று ஒரே வரியில் அடங்கிவிடும் செலவு இதுதான்.

சுமட்டுத் தொழிலாளி என்று மலையாளத்தில் வழங்கும் இத்தொழிலாளரைப் பற்றிப் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டது, வேலை செய்யாமலே கேட்கப்பட்ட 'நோக்குக்கூலி' பற்றித்தான். அவ்வழக்கத்தை 2018 மே 1 முதல் ஒழிப்பதாகக் கேரள அரசு அறிவித்தது சரியான நடவடிக்கையே. ஆயினும் அந்த விவாதத்தின் இரைச்சலில், வேலை செய்து பெறும் கூலிக்காக அவர்கள் உடலால் கொடுக்கும் விலை பேசப்படாமல் போயிற்று என்பது என் கருத்து.

சட்டம் என்ன கூறுகிறது?

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-ஆம் ஆண்டில் 127-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஒருவர் சுமக்கக்கூடிய உச்ச எடையைப் பற்றியது அது. தொழிலாளியின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கக்கூடிய எடையை அவரைக் கொண்டு சுமக்கச் செய்யலாகாது என்பது அதன் அடிப்படை. நமக்கு இன்று முக்கியமானது அதன் ஐந்தாம் விதி. இலேசான சுமைகளைத் தவிர வேறு எதைச் சுமக்கும் வேலையில் ஒருவரை அமர்த்துவதானாலும், அமர்த்துவதற்கு முன்பே அவருக்கு வேலைமுறையில் போதிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. உடன் வெளியான 128-ஆம் எண் பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்ற வரம்பைக் குறிப்பிடுவதோடு, பயிற்சியைத் தகுதி பெற்றவர்களே அளிக்க வேண்டும், பின்னர் வேலையிடத்தில் அதைக் கண்காணிக்கவும் வேண்டும் என்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது 2010 மார்ச் மாதத்தில். 43 ஆண்டுகள் கழித்து.

உள்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய பளுவைத் தூக்கச் செய்வதைத் தன் 34-ஆம் பிரிவில் தடை செய்திருந்தது. பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே 1987-ஆம் ஆண்டின் திருத்தம் ஆக்கியது. அச்சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே சுமப்பவர்களுக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றியவை மாநிலங்களே. மகாராஷ்டிரம் 1969-இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தையும், கேரளம் 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டத்தையும், தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் கொண்டுவந்தன. கேரளச் சட்டத்தின்கீழ் 1983-இல் வகுக்கப்பட்ட திட்டமே நலவாரியத்துக்கும் தொழிலாளர் குழுக்களுக்கும் அடிப்படை. 2021-ஆம் ஆண்டின் திருத்தம் 75 கிலோவாக இருந்த உச்ச வரம்பை 55 கிலோவாகக் குறைத்தது. பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 35 கிலோ.

55 கிலோ என்பது சட்டத்தின் எல்லை. உடலின் எல்லை அதுவன்று. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு முறையில், எல்லாச் சூழ்நிலைகளும் சாதகமாக இருக்கும்போதுகூடத் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். சுமை உடலையொட்டி இருக்க வேண்டும், தரையிலிருந்து எடுக்கக்கூடாது, உடலைத் திருப்பக்கூடாது, அடிக்கடி தூக்கவும் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் 23 மேலும் குறையும். நம் மூட்டைக் கிடங்கில் இந்நான்கும் சேர்ந்தே தவறுகின்றன. ஆகவே 50 கிலோ மூட்டை சட்டப்படி சரியானது, உடற்படி சரியானதன்று என்பதைத் தெரிந்துகொண்டுதான் பயிற்றுநர் தம் வேலையைத் தொடங்க வேண்டும்.

யார் கற்பிப்பது?

குழுவில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு இன்று யார் கற்பிக்கிறார்கள்? அவருக்கு முன்னால் நடக்கும் மூத்த தொழிலாளிதான். சும்மாட்டை எப்படிச் சுருட்டுவது, கொக்கியை மூட்டையின் எந்த மூலையில் மாட்டுவது, பலகையில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்பனவெல்லாம் அவரிடமிருந்தே வருகின்றன. இவற்றுள் பல நல்ல பாடங்கள். எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்க முடியாதவை. வலியைச் சொல்லாமல் இருப்பதே ஆண்மை என்பது போன்ற கெட்ட பாடங்களும் அவற்றோடு வருகின்றன. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து ஒரு மணி நேரம் படம் காட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலை அந்த மூத்தவரின் சொல்தான் நிற்கும், நிபுணரின் சொல் நிற்காது.

இதை நன்கு உணர்ந்து அமைந்த ஓர் ஏற்பாடு நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. 1958-இல் தொடங்கப்பெற்று நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் (இன்று அது தத்தோபந்த் தேங்கடி தேசியத் தொழிலாளர் கல்வி, மேம்பாட்டு வாரியம்) மூன்று படிகளைக் கொண்ட முறையை வகுத்தது. வாரியத்தின் கல்வி அதிகாரி, தொழிலாளருள் சிலரைத் தேர்ந்து ஆசிரியர்களாகப் பயிற்றுவார். அவர்கள் தம் வேலையிடம் திரும்பித் தம் தோழர்களுக்கு வகுப்பு நடத்துவர். 'தொழிலாளர் ஆசிரியர்' என்ற சொல்லே அப்போது வழக்கத்துக்கு வந்தது. தொழிற்சங்கம், சட்டம், குடும்ப வரவுசெலவு ஆகியவற்றுக்காக உருவான அம்முறை, சுமை தூக்கும் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. சுமந்தறியாதவர் சுமப்பவருக்குக் கற்பித்தல் கடினம். என்னைப் போன்றவர்கள் செய்யத்தக்கது கற்பிப்பவருக்கு உதவுவதே.

எதைக் கற்பிப்பது?

இங்கு ஒரு கசப்பான உண்மையைக் கூறியாக வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறையில் சுமார் 4,000 ஊழியர்களைக் கொண்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி மருத்துவ வல்லுநர்கள் பாதுகாப்பாகத் தூக்கும் முறையைக் கற்பித்தனர். மற்றப் பகுதியினருக்குக் கற்பிக்கவில்லை. பயின்றவர்களின் அறிவு வளர்ந்தது. முதுகுக் காயங்களின் விகிதமோ குறையவில்லை. பின்னர்ப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், தூக்கும் முறை பற்றிய அறிவுரை மட்டும் முதுகுவலியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றே முடிவு செய்தனர். கருவியை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்பதற்கும் வலுவான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் இந்த முகாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறிவுரை கூறும் பயிற்றுநர் வேறு, வேலையை ஆராயும் பயிற்றுநர் வேறு. முன்னவரை உருவாக்குவது எளிது, செலவும் குறைவு. அதனால்தான் எங்கும் அவரையே உருவாக்கி வந்திருக்கிறோம். நமக்குத் தேவை பின்னவர்.

சுவரொட்டிகளில் நாம் காணும் படத்தையே எடுத்துக்கொள்வோம். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்குகிறார். பெட்டி சிறியது; இரு முழங்கால்களுக்கிடையே அடங்கிவிடுகிறது. நெல் மூட்டை அப்படி அடங்குமா? அகலமான சாக்கின் முன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால், முழங்கால்களே சாக்கை உடலிலிருந்து தள்ளி வைத்துவிடும். இங்குச் சிறிது கணக்குப் போடுவோம். முதுகுத் தசை, முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவில் நின்று இழுக்கிறது. 50 கிலோ சுமையின் மையம் அதே புள்ளியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், அதைச் சமன் செய்யத் தசை 400 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உடலின் மேற்பகுதி எடை இதில் சேரவில்லை. மையத்தை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 250 கிலோ போதும். ஒரு சாணுக்கும் குறைவான நெருக்கத்தில் 150 கிலோ மிச்சம். ஆகவே பாடம் முழங்காலைப் பற்றியது அன்று, நெருக்கத்தைப் பற்றியது. அகன்ற மூட்டையை இருவர் ஆளுக்கு இரு மூலையாகப் பிடித்துக் குரல் கொடுத்து ஒன்றாகத் தூக்கினால் இந்த நெருக்கம் தானே கிட்டும். துறைமுகங்களிலும் படகுத் துறைகளிலும் ஏலேலோ பாடியவர்கள் இக்கணக்கைப் போடாமலே அறிந்திருந்தார்கள்.

தலைச்சுமையின் நிலை சற்று வேறு. சுமை உடலின் நேர்க்கோட்டில் நிற்பதால் நடக்கும்போது இடுப்புக்கு நெருக்கடி குறைவு. அந்நெருக்கடி கழுத்து முள்ளெலும்புகளுக்கு மாறுகிறது. தலையில் ஏற்றும் கணமும் இறக்கும் கணமுமே பெரிய ஆபத்து. நம் முன்னோர் சாலையோரங்களில் நட்ட சுமைதாங்கியை இங்கு எண்ணிப் பாருங்கள். நிற்கும் இரு கற்களின்மேல் கிடக்கும் ஒரு கல், அவ்வளவே. கேரளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். அப்பெயரில் ஊர்களே உண்டு. தமிழ்நாட்டில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. அதன் உயரம் கவனிக்கத்தக்கது. தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். இளைப்பாறிய பின் குனியாமலே ஏற்றிக்கொள்ளலாம். அதை நட்டவர் சுமப்பவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை, வேலையின் அமைப்பை மாற்றினார். கிடங்கின் வாயிலில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு மேடையோ உறுதியான பலகைத் தட்டோ அமைத்தால், தரையிலிருந்து தூக்கும் முறைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். லாரித் தளத்திலிருந்து மூட்டையை நேரே தோளில் வாங்குவது தரையிலிருந்து எடுப்பதைவிட எளிது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அனுபவத்தைக் கிடங்கினுள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதே நான் கூறுவது.

இவ்வகைப் பயிற்சி வெறும் கற்பனையன்று. வியட்நாமில் மீகாங் ஆற்றுப் படுகையின் கந்தோ நகரை மையமாகக் கொண்டு 1990-களில் விவசாயக் குடும்பங்களுக்கென ஒரு முறை உருவாயிற்று. படங்களோடு கூடிய ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரே ஒருவர் வேலையை மற்றவர் பார்வையிடுவர். குறைந்த செலவில் உடனே செய்யக்கூடிய மாற்றம் எது என்று கூடிப் பேசி முடிவு செய்வர். பாதையைச் சமன்படுத்துவது, வண்டிக்குச் சக்கரம் பொருத்துவது, பானைக்குக் கைப்பிடி வைப்பது போன்ற சிறு மாற்றங்களே அவை. பயிற்றுநர்களும் விவசாயிகளே. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் இம்முறையைப் பிற நாடுகளுக்கும் கொண்டு சென்றது.

பயிற்சி ஏட்டில் நான் முதலிடம் கொடுப்பது தராசுக்கு. கிடங்கில் உள்ள மூட்டைகளின் எடையைத் தொழிலாளர்கள் முதலில் ஊகித்துக் கூறட்டும். பின் தராசில் வைத்துப் பார்க்கட்டும். மழையில் நனைந்த சாக்கு, ஈரம் உலராத நெல், அளவுக்கு மீறித் திணித்த தேங்காய் மூட்டை ஆகியவற்றின் உண்மை எடையைக் கண்ணால் காண்பது பத்து விரிவுரைகளுக்குச் சமம். அடுத்து, அரை மணி நேரம் எதுவும் பேசாமல் ஒருவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். எத்தனை முறை குனிகிறார், எத்தனை முறை பாதத்தை நகர்த்தாமல் இடுப்பைத் திருப்புகிறார், மார்புக்கு மேல் எத்தனை மூட்டை அடுக்குகிறார், பலகை வழுக்குகிறதா, வழியில் எது கிடக்கிறது என்று எண்ண வேண்டும். பேசாமல் பார்ப்பது பயிற்றுநருக்கு மிகக் கடினமான பாடம். அதிகாரிகளுக்கு இன்னும் கடினம். அதன் பிறகு ஒரே ஒரு மாற்றத்தைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரம் கழித்துப் பயிற்றுநர் திரும்பிச் சென்று, மாற்றம் நிலைத்ததா, இல்லையெனில் ஏன் என்று கேட்க வேண்டும். நம் அறிக்கைகளில் பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை இருக்கும். இந்த இரண்டாம் வருகைக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கும்படி நான் பல கூட்டங்களில் வற்புறுத்தி வருகிறேன்.

பாலக்காட்டின் வெயிலையும் மறந்துவிடக்கூடாது. கோடையில் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளித்து வேலை நேரத்தை மாற்றியமைக்கக் கேரளத் தொழிலாளர் துறை ஆணை பிறப்பித்து வருகிறது. களைத்த உடல் நெருக்கத்தையும் பாதத்தையும் பற்றி நினைக்காது.

செலவை ஏற்பவர் யார்?

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இக்கேள்வியைத் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை. கூலி மூட்டைக் கணக்கில் கிடைக்கும் இடத்தில், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணியும் தொழிலாளிக்கு நட்டம். ஓய்வும் நட்டம், இருவர் சேர்ந்து தூக்குவதும் நட்டம். எனவே பயிற்சி நேரத்துக்கான கூலியை முன்கூட்டியே ஒதுக்காத திட்டம் தொடக்கத்திலேயே தோற்றுவிடும். நலவாரிய நிதியிலிருந்தோ சரக்கின் உரிமையாளரிடமிருந்தோ அது வந்தாக வேண்டும்.

மூட்டையின் அளவு இன்னும் பெரிய கேள்வி. அதைத் தீர்மானிப்பவர் எங்கோ ஓர் ஆலையில் இருக்கிறார். விளைவை அனுபவிப்பவர் சித்தூரில் இருக்கிறார். ஆயினும் அது மாற்ற முடியாதது அன்று. ஒருகாலத்தில் உணவு தானியம் 95 கிலோ, 100 கிலோ சாக்குகளில் வந்தது; இன்று 50 கிலோ. பிரிட்டனில் 50 கிலோவாக இருந்த சிமெண்டு மூட்டை இன்று 25 கிலோவாகியிருக்கிறது. அங்கு 1992-இல் வந்த விதிகள், கையால் தூக்குவதைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் ஆபத்தை மதிப்பிட்டுக் குறை என்று நிறுவனத்தாருக்கே கடமை விதித்தன. மூட்டை சிறியதாகும்போது மூட்டைக் கணக்குக் கூலியையும் திருத்தி அமைக்க வேண்டும். இல்லையேல் முதுகைக் காப்பாற்றிய சீர்திருத்தம் வயிற்றில் அடிக்கும். தொழிலாளியே அதை எதிர்ப்பார், எதிர்ப்பதும் நியாயமே.

இழப்பீட்டுச் சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. கால் முறிந்தால் அது விபத்து. நாளும் நேரமும் குறிக்கலாம். இருபது ஆண்டுகளாகத் தேய்ந்த முதுகெலும்புக்கு எந்த நாளைக் குறிப்பது? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் பட்டியலிட்ட தொழில்நோய்களுள் சுமை தூக்குவதால் வரும் முதுகு நோய் இடம்பெறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலிலோ தசை, எலும்பு நோய்கள் உள்ளன. உலக அளவில் 2020-இல் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் அவதியுற்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் சுமைத் தொழிலாளருள் எத்தனை பேர் நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டு விலகினர், ஏன் விலகினர் என்ற விவரம் வேலையிடத்தில் எழுதி வைக்கப்பட்டால்தான் சட்டம் திருந்த வழி பிறக்கும். அதை எழுதி வைக்கக்கூடியவர் பயிற்றுநர்தான். ஆகவே உங்களுக்கு இன்று வழங்கப்படும் குறிப்பேட்டில் வலியின் இடம், அன்று செய்த வேலை, மூட்டையின் எடை, விடுப்பெடுத்த நாள்கள் என்று நான்கு பத்திகள் உள்ளன. பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் வேலை போய்விடும் என்று அஞ்சி எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தமிழிலும் மலையாளத்திலும் குறிப்பேடு அச்சாகியிருக்கிறது. உங்கள் குழுவினர் எளிதில் படிக்கும் மொழியில் எடுத்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளைக்குப் பின் கிடங்குக்குச் செல்கிறோம். தராசு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்பதை மட்டும் மீண்டும் நினைவூட்டுகிறேன். அதுவரை உங்கள் கேள்விகளுக்கு விடையளிக்கக் காத்திருக்கிறேன்.